திருமலைக்குச் சாலை வகுத்தவர், கார் ஆலைக்காகப் போராடியவர்: விஸ்வேஸ்வரய்யாவின் நிறைவேறாத கனவு

திருப்பதி: அலிபிரியிலிருந்து திருமலைக்கு இன்று மின்சாரப் பேருந்துகள் ஏறி இறங்குகின்றன. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தச் சேவை தொடங்கியது. அதே மலையில் 1944-ஆம் ஆண்டு வரை மோட்டார் வாகனம் செல்வதற்கு முறையான சாலை கிடையாது. பக்தர்கள் படியேறிச் சென்றார்கள். முடியாதவர்களை டோலியில் வைத்துச் சுமந்து சென்றார்கள். அந்த மலைக்கு முதல் சாலையைத் திட்டமிட்டதில் முக்கியப் பங்கு வகித்தவர் பொறியாளர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா.

அணைகளைக் கட்டியவராகவும், மைசூரு சமஸ்தானத்தின் திவானாகவும், பாரத ரத்னா விருது பெற்றவராகவும் அவரை நாடு அறியும். அவரது பிறந்த நாளான செப்டம்பர் 15 பொறியாளர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால், இந்தியாவிலேயே மோட்டார் வாகனங்களைத் தயாரிக்க வேண்டும் என்பதற்காக முதுமையில் அவர் நடத்திய நெடிய போராட்டம் அதிகம் பேசப்படுவதில்லை. சாலையை வகுத்த அவரால், அந்தச் சாலையில் ஓடும் வண்டியை இந்திய மண்ணில் தயாரிக்கும் திட்டத்தைத் தாம் விரும்பிய காலத்தில் நிறைவேற்ற இயலவில்லை.

முத்தேனஹள்ளியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் வரை

இன்றைய கர்நாடக மாநிலம் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்திலுள்ள முத்தேனஹள்ளி கிராமத்தில், 1860-களின் தொடக்கத்தில் விஸ்வேஸ்வரய்யா பிறந்தார். அவருடைய முன்னோர்கள் ஆந்திரப் பகுதியிலுள்ள மோக்ஷகுண்டம் கிராமத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அந்த ஊர்ப் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. தந்தை சமஸ்கிருத அறிஞர். அவரைச் சிறு வயதிலேயே இழந்த விஸ்வேஸ்வரய்யா, பெங்களூருவில் தாய்மாமன் ஆதரவில் கல்வியைத் தொடர்ந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் செலவுகளைச் சமாளித்தார்.

பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தது. அங்கு 1881-ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் மைசூரு அரசின் உதவித்தொகையுடன் புணே அறிவியல் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1883-ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்றார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகப் பணியில் சேர்ந்தார்.

நீரின் அளவறிந்து திறக்கும் மதகு

பம்பாய் மாகாணப் பணிக்காலத்தில் சிந்து நதிக் கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்தார். புணே அருகேயுள்ள கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் 1903-ஆம் ஆண்டு அவர் வடிவமைத்த தானியங்கி மதகுகள் பொருத்தப்பட்டன. அணையின் உயரத்தைக் கூட்டாமலேயே கூடுதல் நீரைச் சேமிக்க இந்த ஏற்பாடு உதவியது. நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மதகுகள் தாமே திறந்துகொள்ளும். மட்டம் தாழ்ந்ததும் தாமே மூடிக்கொள்ளும். இருக்கும் கட்டுமானத்தை வைத்துக்கொண்டே மாறும் தேவைக்கு ஈடுகொடுப்பது அவரது பொறியியலின் அடிப்படையாக விளங்கியது.

இந்தியர்கள் எவ்வளவு திறமை காட்டினாலும் தலைமைப் பொறியாளர் பதவியை எட்டுவது அரிது என்ற நிலை பிரிட்டிஷ் ஆட்சியில் நிலவியது. 1908-ஆம் ஆண்டு அவர் அரசுப் பணியிலிருந்து முன்கூட்டியே விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாத் நகரைச் சிதைத்தது. நிஜாம் அரசின் அழைப்பை ஏற்றுச் சென்ற அவர், வெள்ளத் தடுப்புத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். ஆற்றின் மேல்பகுதியில் நீர்த்தேக்கங்கள் அமைக்க வேண்டும் என்ற அவரது பரிந்துரையின் தொடர்ச்சியாகவே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் உருவாயின.

1909-ஆம் ஆண்டு மைசூரு சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளரானார். காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணையின் பணிகள் 1911-ஆம் ஆண்டு தொடங்கின. சிமென்ட் இறக்குமதியை நம்பியிராமல், சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தைக் கொண்டு அந்த அணை எழுப்பப்பட்டது. காவிரி நீரைப் பகிர்ந்துகொள்வதில் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் இடையே எழுந்த நீண்ட பிணக்கு, 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் முடிந்தது. தமிழகத்து விவசாயிகளின் நினைவில் இந்த அணை மாறுபட்ட பொருளுடன் பதிந்திருப்பதற்கு அதுவே காரணம்.

திவான் பதவியும் விமர்சனமும்

1912-ஆம் ஆண்டு மைசூரு திவானாகப் பொறுப்பேற்றார். மைசூரு வங்கி, மைசூரு பல்கலைக்கழகம், பெங்களூரு பொறியியல் கல்லூரி ஆகியவை அவரது ஆறு ஆண்டுக் கால நிர்வாகத்தில் தோன்றின. சந்தன எண்ணெய், சோப்பு ஆகிய தொழில்களும் அக்காலத்தில் தொடங்கப்பட்டவையே. முதல் உலகப் போர் காரணமாக ஐரோப்பாவுக்குச் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, கட்டையை விற்பதற்குப் பதிலாக எண்ணெயை உள்ளூரிலேயே வடித்து விற்பதற்கு மைசூரு மாறியது.

அவரது பதவிக்காலம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. பிராமணரல்லாத சமூகத்தினருக்கு அரசுப் பணிகளில் உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை மைசூரில் வலுப்பெற்றது. இதனை ஆராய மில்லர் குழுவை மன்னர் அமைத்தார். தகுதியை மட்டுமே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று கருதிய விஸ்வேஸ்வரய்யா இதனை ஏற்கவில்லை. 1918-ஆம் ஆண்டு இறுதியில் திவான் பொறுப்பிலிருந்து விலகினார். கல்வி வாய்ப்பே மறுக்கப்பட்டவர்களிடம் தகுதியை எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வியை அவர் போதுமான அளவு எதிர்கொள்ளவில்லை என்பது வரலாற்றாய்வாளர்கள் பலர் முன்வைக்கும் விமர்சனம்.

பத்ராவதி கற்பித்த பாடம்

விஸ்வேஸ்வரய்யாவின் தொழிற்பார்வையைச் சோதித்த இடம் பத்ராவதி இரும்பு ஆலை. கரியால் இரும்பை உருக்கும் இந்த ஆலை, போர்க்கால விலையை எதிர்பார்த்துத் திட்டமிடப்பட்டது. ஆனால் 1923-ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கியபோது போர் முடிந்து, உலகச் சந்தையில் இரும்பின் விலை சரிந்திருந்தது. ஆலையை மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

பதவியைத் துறந்து ஓய்விலிருந்த விஸ்வேஸ்வரய்யாவிடம் ஆலையின் நிர்வாகத் தலைமை ஒப்படைக்கப்பட்டது. வெளிநாட்டு நிபுணர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி அளித்தார். உற்பத்திச் செலவைக் கட்டுப்படுத்தினார். மரத்தைக் கரியாக்கும்போது கிடைக்கும் துணைப் பொருள்களையும் விற்பனைக்குரியவையாக்கினார். கச்சா இரும்பை மட்டும் விற்பதோடு நில்லாமல், குடிநீர்த் திட்டங்களுக்குத் தேவைப்படும் வார்ப்பிரும்புக் குழாய்களைத் தயாரிக்கும் திசையில் ஆலை நகர்ந்தது. 1929-ஆம் ஆண்டு அவர் பொறுப்பிலிருந்து விலகியபோது ஆலை நிலைபெற்றிருந்தது. அந்தப் பணிக்காகத் தமக்குச் சேர வேண்டிய தொகையைத் தொழிற்பயிற்சிக்கு வழங்கினார். 1943-ஆம் ஆண்டு பெங்களூருவில் அமைந்த ஜெயசாமராஜேந்திர தொழிற்பயிற்சி நிறுவனம் அதன் பயனாகும்.

சந்தை கவிழும்போது ஆலையை மூடுவது ஒரு வழி. உற்பத்தியை மாற்றுவது மற்றொரு வழி. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் தொழில்நுட்பமும் முடிவெடுக்கும் உரிமையும் உள்ளூரில் இருக்க வேண்டும். பத்ராவதியில் அந்த உரிமை மைசூரின் கையில் இருந்தது. அடுத்து அவர் கையிலெடுத்த மோட்டார் தொழிலில் நிலைமை அவ்வாறு இல்லை.

கார் ஆலைத் திட்டம்

1920-களின் பிற்பகுதியில் இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான தேவை வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ஆம் ஆண்டு பம்பாயில் வாகனங்களைப் பூட்டும் ஆலையை நிறுவியது. ஃபோர்டு நிறுவனமும் தன் கனடா கிளையின் வழியாக இந்தியச் சந்தையில் காலூன்றியிருந்தது. பெட்டிகளில் வந்திறங்கும் பாகங்களை இங்கே பூட்டி விற்பதே நடைமுறை. என்ஜினும் கியரும் அச்சும் கடல் கடந்தே வந்தன. எந்த மாதிரி வண்டியை எத்தனை தயாரிப்பது என்ற முடிவும் கடலுக்கு அப்பாலேயே எடுக்கப்பட்டது.

1934-ஆம் ஆண்டு இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம் குறித்த நூலை வெளியிட்ட விஸ்வேஸ்வரய்யா, அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணமானார். எழுபது வயதைக் கடந்த நிலையில் மோட்டார் ஆலைகளை நேரில் பார்வையிட்டு, இயந்திரங்கள், முதலீடு, ஆள்பலம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, பம்பாயில் ஆலை அமைப்பதற்கான விரிவான திட்டத்தைத் தயாரித்தார். ஒரு கார் ஆலை தனித்து நிற்பதில்லை, எஃகு, ரப்பர், கண்ணாடி, வண்ணப்பூச்சு, மின்கலம் எனப் பல தொழில்களை அது தன்னுடன் அழைத்து வரும் என்பது அவர் முன்வைத்த வாதம். கைத்தொழிலையும் கிராமத்தையும் முன்னிறுத்திய காந்தியடிகளின் பாதையிலிருந்து இந்தப் பார்வை வேறுபட்டது. எனினும் இருவரிடையே மதிப்பு குறையவில்லை.

தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் இந்தத் திட்டத்தை ஏற்றுச் செயல்படுத்த முன்வந்தார். 1937-ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்தில் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவை உதவி செய்ய இசைந்தது. ஃபோர்டு நிறுவனத்துடனான முயற்சி பலிக்காத நிலையில், கிரைஸ்லர் நிறுவனத்துடன் தொழில்நுட்ப உடன்பாடு காணப்பட்டது. ஆனால் டெல்லியிலிருந்த பிரிட்டிஷ் இந்திய அரசு திட்டத்துக்கு ஆதரவளிக்க மறுத்தது. மைசூரு அரசின் பங்கேற்புடன் பெங்களூருவில் ஆலை அமைக்கும் யோசனையும் அதே தடையால் நின்றுபோனது.

இதே காலகட்டத்தில் ஜப்பான் வேறு முடிவெடுத்தது என்பது கவனிக்கத்தக்கது. அங்கும் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்களே சந்தையை ஆண்டன. 1936-ஆம் ஆண்டு மோட்டார் உற்பத்தித் தொழில் சட்டத்தை இயற்றிய ஜப்பான், உள்நாட்டு நிறுவனங்களுக்கு உரிமமும் பாதுகாப்பும் வழங்கியது. டொயோட்டா, நிசான் நிறுவனங்கள் அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தன. பின்னாளில் இசுசு என்று பெயர்பெற்ற நிறுவனத்தின் முன்னோடியும் அந்த உரிமத்தைப் பெற்றது. இராணுவத் தேவையை முன்னிட்டு எடுக்கப்பட்ட முடிவு அது. ஆயினும் போருக்குப் பின் மக்களுக்கான வாகனங்களைத் தயாரிக்க அந்தத் திறனே அடித்தளமாயிற்று. 1898-ஆம் ஆண்டிலேயே ஜப்பானுக்குச் சென்று அதன் தொழில் வளர்ச்சியைக் கண்டு வந்த விஸ்வேஸ்வரய்யாவுக்கு இந்த வேறுபாடு புரியாமல் இருந்திருக்க முடியாது.

போரும் பெட்ரோல் பஞ்சமும்

இரண்டாம் உலகப் போர் மோட்டார் தொழிலைத் தலைகீழாக மாற்றியது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ஆலைகள் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பை நிறுத்திவிட்டு, விமானங்களுக்கும் பீரங்கி வண்டிகளுக்கும் மாறின. இறக்குமதியை நம்பியிருந்த இந்தியாவில் புதிய வண்டிகளும் உதிரிப் பாகங்களும் அரிதாயின. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்துகளின் பின்புறத்தில் கரி அடுப்பைப் பொருத்தி, அதிலிருந்து வரும் எரிவாயுவில் ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் இத்தகைய கரிவாயுச் சாதனங்களைத் தயாரித்தது. தேய்ந்த டயர்களுக்கு மறுபூச்சுப் போடும் தொழிலிலும் அது இறங்கியது.

வால்சந்தும் மைசூரு அரசும் இணைந்து 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூருவில் ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தைத் தொடங்கினர். போருக்கு விமானம் தேவைப்பட்டதால் கார் ஆலைக்குக் கிடைக்காத இசைவு விமான ஆலைக்குக் கிடைத்தது. 1941-ஆம் ஆண்டு அகில இந்திய உற்பத்தியாளர் அமைப்பு தோன்றியபோது அதன் தலைமையை விஸ்வேஸ்வரய்யா ஏற்றார்.

1944: மலை ஏறிய சாலை

போர் முடிவதற்கு முன்பே திருமலைச் சாலை திறக்கப்பட்டது. சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மகந்துகளின் நிர்வாகத்திலிருந்த கோயில், 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தேவஸ்தான நிர்வாகத்தின் கீழ் வந்திருந்தது. மலைமீது ஆண்டுதோறும் கூடும் பக்தர்களுக்குப் பாதுகாப்பான வழி தேவைப்பட்டது. சேஷாசலப் பாறைகளைக் குடைந்து, சரிவைக் கட்டுக்குள் வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளாக உயரும் சுமார் 19 கிலோமீட்டர் சாலை 1944-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் காலத்தில் திறந்து வைக்கப்பட்டது. விஸ்வேஸ்வரய்யாவுக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது.

அந்தச் சாலை திருப்பதியின் பொருளாதாரத்தையே மாற்றியது. மலையேற முடியாத முதியவர்களும் நோயுற்றவர்களும் தரிசனத்துக்கு வரத் தொடங்கினர். கூட்டம் பெருகவே, 1974-ஆம் ஆண்டு இரண்டாவது சாலை அமைக்கப்பட்டது. இன்று ஏறும் வாகனங்கள் புதிய சாலையிலும், இறங்கும் வாகனங்கள் 1944-ஆம் ஆண்டுச் சாலையிலும் செல்கின்றன.

தாமதமாக வந்த தொழில்

சாலை திறந்த அதே 1944-ஆம் ஆண்டில் வால்சந்த் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன் பிர்லா குழுமத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தோன்றியிருந்தது. 1947-ஆம் ஆண்டு பம்பாய் குர்லா ஆலையிலிருந்து பிரீமியர் வாகனங்கள் வெளிவந்தன. விஸ்வேஸ்வரய்யா திட்டம் தீட்டிப் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட பின், அவர் விரும்பிய தொழில் தடுமாறியபடியே தொடங்கியது.

விடுதலைக்குப் பின் அரசின் நிலைப்பாடு மாறியது. 1949-ஆம் ஆண்டு முழுமையாகத் தயாரிக்கப்பட்ட கார்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. உள்நாட்டில் படிப்படியாகப் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் தொடர முடியாது என்று 1953-ஆம் ஆண்டு முடிவெடுக்கப்பட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பூட்டும் ஆலைகளை மூடின. வெளிநாட்டு வண்டிகளின் விற்பனையை நம்பியிருந்த முகவர்கள் திகைத்தனர். ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய விற்பனையாளராக விளங்கிய டி.வி.எஸ். குழுமம், 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் சக்கரம், பிரேக், மின்சாதனம் ஆகிய பாகங்களின் உற்பத்திக்கு மாறியது. கார் ஆலை துணைத் தொழில்களை அழைத்து வரும் என்ற விஸ்வேஸ்வரய்யாவின் கணிப்புக்குச் சென்னையின் உதிரிப் பாகத் தொழில் சான்றாயிற்று.

எனினும் பாதுகாப்பு மட்டுமே தொழிலை வளர்த்துவிடவில்லை. உரிமக் கட்டுப்பாடும் போட்டியின்மையும் சேர்ந்து, கார் வாங்குவோரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்தன. மாதிரிகள் பல்லாண்டுகள் மாறவேயில்லை. வாடிக்கையாளரின் தேவையைக் கணக்கிட்டு உற்பத்தியை அமைக்க வேண்டும் என்ற அவரது அணுகுமுறையின் ஒரு பாதியை மட்டுமே நாடு எடுத்துக்கொண்டது.

இன்றைய சித்தூரும் திருப்பதியும்

1955-ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்ற விஸ்வேஸ்வரய்யா, நூறு வயதைக் கடந்து 1962-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெங்களூருவில் காலமானார். அவரது உடல் பிறந்த ஊரான முத்தேனஹள்ளியில் தகனம் செய்யப்பட்டது. அங்கு அவருக்கு நினைவிடம் உள்ளது.

அவர் சாலை வகுத்த மலையடிவாரம் இன்று வாகனத் தொழில் மையமாக மாறியுள்ளது. 2022-ஆம் ஆண்டு சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் உருவானது. அதன் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள ஸ்ரீசிட்டியில் இசுசு நிறுவனத்தின் ஆலை 2016-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஜப்பானின் 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பயன்பெற்ற நிறுவனத்தின் வாரிசு, அதே பத்தாண்டில் கார் ஆலைக்கு இசைவு மறுக்கப்பட்ட பொறியாளரின் சாலைக்கு அருகில் வாகனம் தயாரிக்கிறது.

சத்தியவேடு அருகே ஹீரோ மோட்டோகார்ப் ஆலை இயங்குகிறது. பெட்ரோல் இருசக்கர வாகனங்களால் வளர்ந்த அந்த நிறுவனம், 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகப்படுத்திய விடா மின்சார ஸ்கூட்டரை இந்த ஆலையிலேயே தயாரிக்கத் தொடங்கியது. 1985-ஆம் ஆண்டு திருப்பதியில் தோன்றிய அமர ராஜா நிறுவனம், ஈய-அமில மின்கலங்களிலிருந்து லித்தியம் மின்கலங்களை நோக்கித் திரும்பியுள்ளது. 2023-ஆம் ஆண்டு தன் பெயரிலேயே எரிசக்தி, போக்குவரத்து என்னும் சொற்களைச் சேர்த்துக்கொண்டது.

2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து பெருந்தொற்றுக் காலச் சரிவும், மின்சார வாகனங்களின் வருகையும் இந்தத் தொழிலை அடுத்தடுத்து உலுக்கின. பெட்ரோல் என்ஜினுக்குப் பாகம் செய்தவர்கள் மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் மாற வேண்டிய நிலையில் உள்ளனர். லித்தியம் செல்களில் பெரும்பகுதி இன்னும் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. பெட்டியில் வரும் பாகத்தை இங்கே பூட்டுவதா, அதைச் செய்யும் நுட்பத்தையே இங்கே வளர்ப்பதா என்ற கேள்வி 1935-ஆம் ஆண்டில் என்ஜினைப் பற்றியதாக இருந்தது. இன்று அது மின்கலத்தைப் பற்றியதாக இருக்கிறது.

திருமலையிலிருந்து இறங்கும் மின்சாரப் பேருந்துகள், வளைவுகளில் பிரேக்கை அழுத்தும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்தில் திரும்பச் சேமிக்கின்றன. அவை இறங்கி வரும் பாதை 1944-ஆம் ஆண்டு திறந்த அதே சாலையாகும்.